ஸபர் பிறையும் துவக்குச் சாமானும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலையில் தொலைகாட்டி வைத்திருப்பவர்களும், வகுப்பில் "அப்படி ஒண்டும் இல்ல, இரி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகியவர்களும் கடைசிவரை வாசித்தால் சந்தோசம்.

எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒரே கல்வியியற் கல்லூரி, ஒரே அணி, விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அதனால் இந்தக் கதையில் எங்கேயும் 'நான்' வராது. பிழையை இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம்.

கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் சிலர் காசு சேர்த்துப் பாடசாலைக்கு ஒரு தொலைகாட்டி வாங்கித் தந்தார்கள். 114 மில்லிமீற்றர் ஆடி, 900 மில்லிமீற்றர் குவியத்தூரம். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் போட்டால் 36 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் அப்போது வானத்தில் ஏறத்தாழ 1.4 பாகை அகலம்தான் கண்ணுக்குக் கிடைக்கும். முழுநிலா அரைப் பாகை. ஆகவே மூன்று நிலாவை வரிசையாக வைத்தால் ஓரம் வெட்டுப்படும். சுருட்டிய பாயின் ஓட்டைக்குள்ளால் வானத்தைப் பார்ப்பது போலத்தான்.

அதற்காகத்தான் குழாயின் முதுகில் விரல் நீளத்தில் ஒரு சின்னக் கருவி பூட்டியிருக்கும். அதில் ஒரு கண்ணாடித் துண்டு, கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியை வானத்தில் எங்கே வைக்கிறோமோ, பெரிய குழாயும் அங்கேயே பார்க்க வேண்டும். மேலும் கீழும் அசைக்க ஒரு திருகு, இடமும் வலமும் அசைக்க ஒரு திருகு.

ஒரு கண்காட்சிக்கு ஓட்டோவில் கொண்டுபோய் வந்தபோது இந்தச் சின்னக் கருவியின் பாதத்தைப் பிடித்திருந்த இரண்டு சுரைகளில் ஒன்று கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. பாதம் ஆடியது. பரீட்சைத் தாள் கட்டில் இருந்த அட்டையைக் கிழித்து, மடித்து, பாதத்துக்கு அடியில் செருகினோம். ஆட்டம் நின்றது. பிறகு புள்ளியைப் பாடசாலை வாசல் தூணில் வைத்துத் திருகிப் பார்த்தோம். ஒரு திருகு கடைசி மட்டும் போய் நின்றுவிட்டது, புள்ளி இன்னும் தூணுக்கு வரவில்லை. "கிட்டத்தட்டச் சரி" என்று சொல்லிப் பெட்டியை மூடினோம்.

அந்தக் 'கிட்டத்தட்ட'தான் இந்தக் கதை.

முஹர்ரம் பிறை 29. ஸபர் தலைப்பிறையை யாரும் மாடியில் ஏறி நின்று தேடுவதில்லை. நோன்புக்கும் பெருநாளுக்கும் உள்ள பரபரப்பு அதற்கு இல்லை. அதனால்தான் பிள்ளைகளைப் பழக்க அந்த மாலையைத் தெரிவு செய்தோம். இருபத்தெட்டுப் பிள்ளைகளுடன் ஊரின் மேற்கு எல்லைக்குப் போனோம். எங்கள் ஊருக்குக் கிழக்கில் கடல், மேற்கில் வட்டை. கச்சான் காற்று காலம், சிறுபோக வேளாண்மை பழுக்கத் தொடங்கியிருந்தது. அடிவானத்தில் புழுதி மங்கல்.

சூரியன் முழுதாக மறையும்வரை தொலைகாட்டியின் மூடியைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் கழகத்தின் முதல் சட்டம். மறைந்த பிறகு கழற்றினோம். போன் காட்டிய திசையில் தேடினோம். ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தரம் 8 பையன் ஒருவன் கையை நீட்டினான். "சேர், அந்தா. அந்த ஒத்தப் பனைக்கு மேல. நூல் மாதிரி."

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கடி பாடசாலைக்கு வராதவன். வந்தாலும் முதற்பாடத்தில் தூங்குவான். கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம். அவன் சொல்வதில் பாதியை நாங்கள் நம்புவதில்லை.

கண்ணால் பார்த்தோம், எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமே கண்ணாடி போட்டவர்கள். சிவப்புப் புள்ளியை அவன் காட்டிய இடத்தில் வைத்துப் பார்வைத்துண்டுக்குள் பார்த்தோம். வெறும் வானம். மாறி மாறிப் பார்த்தோம். வெறும் வானம்தான்.

"அங்க ஒண்டும் இல்ல. மேகத்துட ஓரமா இருக்கும். தொலைகாட்டியிலயே தெரியல்ல, உனக்கு எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அதற்கு முன் "ஓம் சேர், எங்களுக்கும் தெரியுது" என்று சொன்னவர்கள். நாங்கள் இப்படிச் சொன்னதும் "சரியாத் தெரியல்ல சேர்" என்று மாற்றிக்கொண்டார்கள். அவன் மாற்றவில்லை. திரும்பவும் சொல்லவும் இல்லை. வரம்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்று இஷாவுக்குப் பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவித்தல் வட்ஸ்அப்பில் வந்தது. தலைப்பிறை தென்பட்டிருக்கிறது, ஸபர் மாதம் ஆரம்பம்.

எங்களில் ஒருவர் மற்றவருக்கு அதை அனுப்பினோம். பதிலாக ஒன்றும் எழுத வரவில்லை.

அடுத்த நாள் பகல் தொலைகாட்டியைப் பாடசாலை மாடிக்கு ஏற்றி, ஏறத்தாழ 700 மீற்றர் தூரத்தில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியின் உச்சிக் கம்பியைப் பார்வைத்துண்டின் நடுவில் எடுத்தோம். பிறகு குழாயை அசைக்காமல் சிவப்புப் புள்ளியைப் பார்த்தோம். புள்ளி தாங்கியிலேயே இல்லை. அங்கால் ஒரு தென்னந்தோட்டத்துக்கு மேல் நின்றது. கணக்குப் பார்த்தால் 2 பாகை. அந்தத் தூரத்தில் அது ஏறத்தாழ 24 மீற்றர். வானத்தில் நான்கு முழுநிலா அகலம். பையன் காட்டிய இடத்தில் நாங்கள் புள்ளியை வைத்தது உண்மை. ஆனால் தொலைகாட்டி பார்த்துக்கொண்டிருந்தது வேறு இடத்தை.

அட்டைத் துண்டைக் கழற்றி அளந்தோம். பாதத்தின் நீளம் 50 மில்லிமீற்றர். அதன் ஒரு பக்கம் 1.75 மில்லிமீற்றர் உயர்ந்தால் போதும், 2 பாகை போய்விடும். மடித்த அட்டை அதைத்தான் செய்திருந்தது.

சாமானை எடுத்துக்கொண்டு ஊரில் லேத் கடை வைத்திருக்கும் காக்காவிடம் போனோம். உழவு இயந்திரச் சாமான் கடைந்து கொடுப்பவர் என்றுதான் அவரை எங்களுக்குத் தெரியும். கையில் எடுத்து ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"துவக்குச் சாமானை ஏன் தம்பி பள்ளிக்கூடத்துல வெச்சிருக்கீங்க?"

பயந்துவிட்டோம். அவர் சிரித்தார். இளமையில் பதினொரு வருடம் அபுதாபியில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் வேலை செய்தாராம். வெளிநாடுகளுக்கு வேட்டைக்குப் போகும் அரபிமாரின் துவக்குகளுக்கு ஸ்கோப் பூட்டிக் கொடுப்பதுதான் வேலை. இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

அன்று அஸரிலிருந்து மஃரிப்வரை அவர் கடை வாங்கில் இருந்து படித்தோம். சொன்னதைச் சுருக்கித் தருகிறோம்.

வேட்டைத் துவக்கில் ஸ்கோப் நேராகத் துவக்கில் உட்காருவதில்லை. முதலில் துவக்கின் மேல் ஒரு பாதம். பாதத்தின் மேல் இரண்டு வளையம். வளையத்துக்குள்தான் ஸ்கோப். "ஆக்கள் எல்லாரும் கண்ணாடியில இருந்து தொடங்குவாங்க தம்பி. வேலை தொடங்குறது பாதத்துல இருந்து" என்றார்.

பாதத்தின் ஆணி ஓட்டைகளில் எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இருக்கக் கூடாது. துடைத்து, காயவிட்டு, குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். கையின் பலத்தை நம்பாமல் அளவு காட்டும் சாவியால். அதன் பிறகு வளையங்களின் கீழ்ப்பாதிகளைப் பூட்டி, ஸ்கோப்புக்குப் பதிலாக அதே தடிப்பில் ஒரு நேரான உருக்குக் கம்பியை அவற்றின் மேல் வைப்பார்களாம். இரண்டு வளையமும் ஒரே கோட்டில் இருந்தால் கம்பி முழுதாகப் படியும். படியாவிட்டால் அரைக்கும் பசை பூசி, கம்பியை முன்னும் பின்னும் இழுத்து, படியும்வரை தேய்க்க வேண்டும்.

"எவ்வளவு பிழை இருந்தா தேய்க்கணும் காக்கா?"

மேசையில் கிடந்த பில் கடதாசி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தடிப்பு."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். சாதாரணத் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். இரண்டு வளையங்களுக்கும் இடையில் 100 மில்லிமீற்றர் என்று எடுத்தால், 100 மீற்றர் தூரத்தில் அந்தத் தாள் 10 சென்ரிமீற்றர் ஆகிவிடும். தரம் 11 திரிகோண கணிதத்தில் இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

பிறகு ஸ்கோப்பை உள்ளே வைத்து, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் விட வேண்டும். கிட்ட வைத்தால் வெடிக்கும்போது பின்னால் அடித்துப் புருவத்தைக் கிழித்துவிடும். துவக்கை மட்டம் வைத்துச் சமப்படுத்தி, தூரத்துச் சுவரில் மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஸ்கோப்புக்குள் தெரியும் நிலைக்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்ற வேண்டும். கோடு சரிந்திருந்தால் கிட்டத்தில் ஒன்றும் விளங்காது. தூரம் கூடக் கூடக் குண்டு பக்கவாட்டில் விலகிக்கொண்டே போகும். வளையத்தின் மேல் ஆணிகளை மாறி மாறி, குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை ஒரேயடியாக இறுக்கினால் ஸ்கோப் உள்ளே திரும்பிவிடும்.

அடுத்ததுதான் எங்களுக்குப் பிடித்த கட்டம். துவக்கின் பின்பக்கப் பூட்டைக் கழற்றிவிட்டு வெறும் குழலுக்குள்ளால் பார்ப்பார்களாம். தூரத்தில் ஒரு வட்டம் குழலின் நடுவில் தெரியும்படி துவக்கை வைத்துவிட்டு, அதை அசைக்காமல், ஸ்கோப்பின் திருகுகளைத் திருகிச் சிலுவைக் கோட்டை அதே வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் வெடி. அநேகமான ஸ்கோப்புகளில் திருகின் ஒரு 'கிளிக்' 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர்.

"திருகு இருக்கிறது இந்தச் சின்னப் பிழைக்கு மட்டும்தான். பாதம் கோணலா இருக்கிறத திருகால சரிபண்ணப் போனா, திருகு முடிஞ்சிரும், பிழை முடியாது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசி மட்டும் போய் நின்ற எங்கள் திருகு.

இன்னொரு கதையும் சொன்னார். ஒரு வாடிக்கையாளர் வேட்டைக்குப் போய்த் திரும்பி, விலை கூடிய ஸ்கோப்பை மேசையில் போட்டு, கண்ணாடி கூடாது என்று சத்தம் போட்டாராம். காக்கா பார்த்தபோது பாதத்தின் முன் ஆணி தளர்ந்திருந்தது. "எல்லாரும் கண்ணாடியத்தான் ஏசுவாங்க. அந்த ஆள் சுட்ட மிருகம் விழல்ல. நொண்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிட்டாம். எங்க கிடந்து மவுத்தாச்சோ. குறி தப்பினா தப்பினதுதான் தம்பி, ஆனா பட்டும் படாமலும் போறதுதான் பாவம். அதுக்குச் சுட்டவனும் பதில் சொல்லணும், பூட்டினவனும் பதில் சொல்லணும்."

வரம்பில் போய் உட்கார்ந்த பையனைத்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் சாமானுக்குக் காக்கா செய்தது இதுதான். அட்டையைத் தூக்கி எறிந்தார். குழாய் உருண்டை, பாதம் தட்டை. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் வளைவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் ஒரு அலுமினியத் துண்டைக் கடைந்து வைத்தார். இரண்டு புதுச் சுரை, அடியில் ஸ்பிரிங் வாஷர். இறுக்கிய பிறகு மகளின் கியூட்டெக்ஸை வாங்கிச் சுரையின் மேல் ஒரு துளி விட்டார், அதிர்ந்தாலும் கழராமல் இருக்க. பிறகு இரண்டு திருகையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணிச் சுற்றி, சரிபாதியில் நிறுத்தினார். "நடுவுல இருந்து தொடங்கினாத்தான் ரெண்டு பக்கமும் போக இடம் இருக்கும்."

அடுத்த நாள் மாடியில் தண்ணீர்த் தாங்கியின் கம்பியைத் திரும்பவும் எடுத்தோம். பாதம் நேரானதும் புள்ளி தானாகவே கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கால் சுற்றுத்தான் திருக வேண்டியிருந்தது. குழாயை நன்றாகத் தட்டி, தூக்கி, மாடிப்படியில் இறக்கி ஏற்றித் திரும்பப் பார்த்தோம். அசையவில்லை. வெடி வைத்த பிறகுதான் ஸ்கோப் இறுக்கமா என்று தெரியும் என்பது காக்காவின் பாடம். எங்களுக்கு வெடி இல்லை, மாடிப்படிதான்.

பிறகு தேடி வாசித்தபோது ஒன்று தெரிந்தது. கண்ணாடியில் ஒளிப்புள்ளியை மிதக்கவிட்டுக் குறிபார்க்கும் இந்த முறைக்கு 1900இல் காப்புரிமை எடுத்தவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப். அவருடைய தொழில் தொலைகாட்டி செய்வது. தொலைகாட்டிக்காரர் துவக்குக்காக யோசித்தது, 1975 அளவில் சுவீடனில் மின்கலத்தில் எரியும் சிவப்புப் புள்ளியாகித் துவக்குகளில் ஏறி, பிறகு திரும்பவும் தொலைகாட்டியின் முதுகுக்கே வந்திருக்கிறது. காக்கா சொன்னதும் சரி, எங்கள் பெட்டியில் எழுதியிருந்ததும் சரி.

கருவி சரியாகிவிட்டது. பையன் விஞ்ஞானக் கழகத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தான்.

அவனைத் தேடி வட்டைக்குப் போனோம். அவனுடைய வாப்பா வயல் காவல்காரர். யானையும் பன்றியும் வரும் காலத்தில் இரவு முழுதும் பரணில் இருக்க வேண்டும், தனியே இருக்க முடியாது, மகனும் போவான். முதற்பாடத்தில் தூங்கியதன் காரணம் அந்தப் பரணில் இருந்தது. "இவன் வானத்தப் பார்த்தே நேரம் சொல்லுவான் சேர்" என்றார் வாப்பா, ஒரு பெருமையும் இல்லாமல். பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு இரவும் அந்த வானத்தைப் பார்த்த கண்ணிடம்தான் நாங்கள் "உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டிருக்கிறோம்.

ஸபர் 29. அதே வரம்பு, அதே பிள்ளைகள். மூடியைக் கழற்ற முன் எல்லாருக்கும் முன்னால் சொன்னோம்: "போன மாதம் இவன் சொன்னது சரி. தொலைகாட்டியில் தெரியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டிய நாங்கள், பிறையே இல்லை என்று சொல்லிவிட்டோம். அப்படிச் சொன்னது எங்கள் பிழை. மன்னிச்சுக்கொள்ளணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல சேர். கண்ணாடி கூடாதாக்கும்" என்றான்.

"கண்ணாடி நல்லது மனே. நாங்க பூட்டினதுதான் பிழை."

அன்று மாலை புள்ளியைப் போன் காட்டிய இடத்தில் வைத்து, அதைச் சுற்றியும் மேலும் கீழும் நிதானமாகத் தேடினோம். ஒன்றும் இல்லை. திரும்பி அவனைப் பார்த்தோம். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இண்டைக்கு இல்ல சேர்" என்றான். அன்று இரவு அறிவித்தலும் அப்படித்தான் வந்தது, மாதம் முப்பதாகப் பூர்த்தி.

எங்களுக்கு அந்த வெறும் வானம்தான் பெரிய நிம்மதி. 'காணவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவில் ஒரு வேலை கிடக்கிறது. பார்க்கும் கருவி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அதைச் செய்யாதவனுக்கு 'காணவில்லை' என்று சொல்ல மட்டும்தான் உரிமை.

அடுத்த நாள் மாலை ரபீஉனில் அவ்வல் பிறை எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. புள்ளியை வைத்தோம், முதல் தடவையிலேயே பார்வைத்துண்டின் நடுவில் நின்றது. இருண்ட பக்கத்தின் சாம்பல் ஒளியும் தெரிந்தது. பூமி சுழலும் வேகத்தில் நிலா இரண்டு நிமிடத்தில் தன் அகலம் தூரம் நகரும், ஐந்து நிமிடத்தில் பார்வையை விட்டே போய்விடும். அதனால் ஒருவர் குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் வரிசையில் முண்டியடித்தார்கள். அவனை முதலில் பார்க்கச் சொன்னோம்.

"எனக்கு இப்படியே தெரியுது சேர். மத்தவங்க பார்க்கட்டும்."

குழாயைத் தள்ளும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். இப்போதும் அது அவனுடைய வேலைதான். திங்களும் புதனும் முதற்பாடத்தில் அவன் தூங்குகிறான். நாங்கள் எழுப்புவதில்லை, பிறகு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்கிறோம். இது சரியான தீர்வு என்று சொல்ல மாட்டோம். திருகைத் திருகுவதை நிறுத்திவிட்டுப் பாதத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் பாடசாலை அலுமாரியிலும் ஒரு தொலைகாட்டி தூசி படிந்து கிடக்கலாம். பகலில் வெளியே எடுங்கள், சூரியன் பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம். முதலில் பாதத்தின் சுரைகளைத் தொட்டுப் பாருங்கள். திருகுகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு உச்சியைப் பெரிய குழாயில் எடுத்துவிட்டுப் புள்ளியைச் சரிசெய்யுங்கள். கிட்ட இருக்கும் தூணில் சரிசெய்ய வேண்டாம், புள்ளிக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள இடைவெளி கிட்டத்தில் பிழை காட்டும். தட்டிவிட்டுத் திரும்பவும் பாருங்கள். இருட்ட முன் கால் மணித்தியால வேலை.

அட்டை மட்டும் செருக வேண்டாம்.

காக்காவுக்காக துஆச் செய்யுங்கள். இப்போது கண் கொஞ்சம் மங்கல் என்கிறார்.